பழைய மடக்குக் கதிரையா, பிளாஸ்ரிக் கதிரையா?

எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கதிரை வாங்கவென்று வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். 60 பேர் இருக்கக் கதிரை வேண்டும் என்பது ஒரே கூட்டத்தில் முடிவாகிவிட்டது. எந்தக் கதிரை என்பதில் மூன்று கூட்டம் போய்விட்டது. கடைசியில் தலைவர், "செயலாளர், நீரே ஒருக்கா எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிக்கொண்டு வாரும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். விலை விசாரிக்கப் போனவன் நூறு வருடக் கதை ஒன்றுக்குள் விழுந்துவிட்டேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தக் கதை தெரிந்த பிறகு என் முடிவே மாறிவிட்டது.

ஊர் கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம். கதிரை என்றால் எங்களுக்கு முதலில் செத்தவீடுதான். கலியாணம், சாமத்தியவீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாம் அதற்குப் பிறகு. கலியாணத்துக்கு முன்கூட்டியே சொல்வார்கள். வசதியுள்ளவர்கள் ரவுனிலிருந்து வாடகைக்கு எடுப்பார்கள். செத்தவீடு அப்படியல்ல. செய்தி வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கதிரை முற்றத்தில் நிற்க வேண்டும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கிறவல் ஒழுங்கையால் குலுங்கிக் குலுங்கிப் போய், மணலில் பரப்பி, இரவு முழுக்கச் சனம் இருந்து எழும்பி, திரும்பி வந்து எண்ணினால் இரண்டு குறையும். திரும்பி வந்ததை வைக்க எங்களிடம் இருப்பதோ பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. அதற்குள்தான் கரம்பலகையும் ஒலிபெருக்கிப் பெட்டியும் பந்தல் தகரமும்.

ஆகவே கேள்வி, ஆள் இருக்கும்போது கதிரை எப்படி என்பது மட்டுமல்ல. ஆள் இல்லாதபோது கதிரை எங்கே போகும் என்பதும்தான். உலகத்தில் பொதுமண்டபக் கதிரை செய்த எல்லாரும் இந்த இரண்டாவது கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த விடை இரண்டே இரண்டு: அடுக்கு, அல்லது மடக்கு.

எங்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் கதிரை. கடையில் விற்கும், மெத்தை வைத்த புது இரும்பு மடக்குக் கதிரை. எங்களிடமே கிடக்கும் பழைய இரும்பு மடக்குக் கதிரைகளைத் திருத்துவது. இரும்பை வெட்டி ஒட்டுகிற ஊர் ஒட்டுக்கடையில் (வெல்டிங் கடையில்) சொல்லிச் செய்விப்பது. பழையதிலிருந்து தொடங்குகிறேன்.

அவை மொத்தம் 27. போர் முடிந்து 2010 இல் மீளக்குடியேறி வந்தபோது நிலையத்தின் கூரை விழுந்து கிடந்தது. சிலாகையையும் ஓட்டையும் அகற்றினால், அடியில் இவை மடித்தபடியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த நாட்களில் வன்னியில் இரும்பு என்று பெயர் எடுத்த எல்லாம் பழைய இரும்பு லொறியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இவை தப்பியதற்குக் காரணம் மேலே கிடந்த கூரைதான். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் களஞ்சிய மூலைதான் அவற்றுக்கு இடம். "உதுகளை நிறுத்து வித்தா நாலு புதுக்கதிரைக் காசாவது வரும் தம்பி" என்று பொருளாளர் அண்ணை கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். நானும் தலையாட்டியவன்தான்.

ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். உருண்டைக் குழாய்ச் சட்டம். ஒரே தகட்டை அமுக்கிக் குழிவாக்கிய இருக்கை. கை கிழிக்காதபடி ஓரத்தை உள்ளே சுருட்டியிருக்கிறார்கள். முன்காலும் முதுகுச் சட்டமும் ஒரே குழாய், இடையில் பொருத்தே இல்லை. மூட்டெல்லாம் றிவெற் ஆணி. எங்கள் கதிரையில் பெயர் பொறிக்கவில்லை, ஆனால் குழாய்க்கும் தகட்டுக்கும் றிவெற்றுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது.

குழாயின் வரலாறு ஜேர்மனியில் தொடங்குகிறது. 1880களில் மனெஸ்மான் சகோதரர்கள் பொருத்து இல்லாத உருக்குக் குழாய் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பொருத்து இல்லாததால் வளைத்தாலும் வெடிக்காது. உள்ளே கோதாக இருப்பதால் பாரமும் குறைவு. சைக்கிள் தொழிலுக்கு அப்படியொரு குழாய்தான் வேண்டியிருந்தது. 1925 அளவில் டெஸ்ஸாவில் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் இருந்த மார்செல் ப்ரோயர், தான் ஓடிய சைக்கிளின் ஹாண்டிலைப் பார்த்து, இதையே வளைத்துக் கதிரை செய்தால் என்ன என்று யோசித்தார் என்பார்கள். அவர் செய்த குழாய்க் கதிரை உலகப் புகழ் பெற்றது. இரண்டொரு வருடத்தில் அதன் மடக்கும் வடிவத்தையும் செய்தார். படத்தில் பார்க்க நல்ல அழகு. ஆனால் துணி இருக்கைக்குள் ஆழமாகப் புதைந்து இருக்க வேண்டும். எங்கள் ஊர் ஆச்சிமார் அதில் இருந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

பிரித்தானியாவில் 1931 இல் பெல் என்ற நிறுவனம் குழாய்க் கதிரைகளை மலிவாகச் செய்ய இறங்கியது. கன்வஸ் துணி கட்டிய, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கதிரை அவர்களுடைய பெயர்போன சரக்கு. பள்ளிக்கூடம், கிராம மண்டபம் எங்கும் அது போய்ச் சேர்ந்தது. அடுக்கும் விடை அங்கே வளர்ந்தது. மடக்கும் விடையைப் பெருமளவில் பிடித்துக்கொண்டது அமெரிக்கா. கார்த் தொழிலால் அங்கே தகட்டை அமுக்கும் இயந்திரங்களும் புள்ளி ஒட்டும் பெருகியிருந்தன. கார்க் கதவை அமுக்குகிற கைக்குக் கதிரைத் தட்டு பெரிய வேலையா? டென்வர் நகரில் 1910 இல் பயணப் பெட்டி செய்யத் தொடங்கிய ஷ்வைடர் சகோதரர்கள் 1930களில் சீட்டு விளையாடும் மடக்கு மேசைக்கும் கதிரைக்கும் இறங்கினார்கள். வேதாகமத்தில் பலத்துக்குப் பெயர்போன சிம்சோனின் பெயரைத் தங்கள் பெட்டிக்கு வைத்தவர்கள் அவர்கள். பிறகு சாம்சோனைட் ஆனது அதுதான். பெட்டியின் மேல் பலகை போட்டுச் சகோதரர்கள் வரிசையாக ஏறி நின்று எடுத்த படம்தான் அவர்களுடைய விளம்பரம். விற்கிற பொருளின் மேல் தானே ஏறி நிற்கத் துணிந்த வியாபாரி இந்தக் காலத்தில் யார்?

இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1942 இல் அமெரிக்காவில் வீட்டுத் தளபாடத்துக்கு உலோகம் கொடுப்பதை அரசு இறுக்கிவிட்டது. இரும்பு எல்லாம் துவக்குக்கும் கப்பலுக்கும் போனது. மடக்குக் கதிரை திரும்ப மரத்துக்குப் போனது. அந்தக் கட்டுப்பாட்டின் கதையை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 90களில் பொருளாதாரத் தடையால் சீமெந்தும் எண்ணெயும் வராமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள்.

1945 க்குப் பிறகுதான் எங்கள் மூலையில் கிடக்கும் மாதிரியின் பொற்காலம். ஆலைகள் பழைய வேலைக்குத் திரும்பின, சனம் சிறிய புதுவீடுகளுக்குக் குடிபோனது, கோவில் மண்டபம் போல அங்கே தேவாலயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஆயிரக்கணக்கில் கதிரை வேண்டியிருந்தது. 1947 இல் ஃப்ரெட்ரிக் ஆர்னல்ட் என்பவர் அலுமினியக் குழாயில் நாடா பின்னிய மடக்குக் கதிரையைக் கொண்டுவந்தார். பத்து வருடத்தில் ஒரு நாளைக்கு 14,000 க்கு மேல் செய்தார்கள். 1950 அளவில் ரஸல் ரைட் என்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர், அதுவரை சாப்பாட்டுக் கோப்பை வரைந்து பெயரெடுத்தவர், ஷ்வைடர் ஆலைக்கு ஒரு மடக்குக் கதிரை வரைந்து கொடுத்தார். வீட்டு மூலையில் ஒளித்து வைக்கும் பொருளை முன்னறைக்குக் கொண்டுவரும் முயற்சி அது.

இந்த மாதிரியின் கெட்டித்தனம் மூட்டில் இருக்கிறது. முன்சட்டம் ஒன்று, பின்கால் ஒன்று, இரண்டையும் கோர்ப்பது இருக்கைத் தட்டு. ஆள் இருக்கும்போது பாரம் தட்டைக் கீழே தள்ளும். தட்டு கால்களை விரிக்கப் பார்க்கும். ஒரு எல்லைக்கு மேல் விரியவிடாமல் தடுப்பு பிடித்துக்கொள்ளும். அதாவது ஆளின் பாரமே கதிரையைப் பூட்டுகிறது. கொக்கியும் இல்லை, சுருளும் இல்லை. பாரம் போனதும் தட்டைத் தூக்கினால் மடியும். எங்கள் கதிரையில் தட்டின் பின்முனை ஆணி ஒரு நீளத் துளைக்குள் வழுக்கி வந்து நிற்கிறது. ஆகவே தேய்மானமெல்லாம் அந்தத் துளையிலும் நாலு ஆணியிலும்தான். மீதி இரும்பு அநேகமாகத் தேயாது. ஆணி ஆடினால் கதிரை ஆடும். ஆணியை மாற்றினால் கதிரை திரும்பப் புதிது.

இதைக் கண்டுபிடித்தவர் நான் அல்ல, சைக்கிள் கடைப் பெரியவர். முதலில் ஒட்டுக்கடைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே தம்பி மின்னொட்டைப் பிடித்ததும் மெல்லிய குழாய் ஓட்டையாய்ப் போனது. கேற் ஒட்டுகிற சூட்டை இது தாங்காது. சைக்கிள் கடையில் பெரியவர் கதிரையை இரண்டு தரம் விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "உது சைக்கிள்தானேயடா" என்றார். றிவெற்றைத் துளைத்து எடுத்தார். அந்த இடத்தில் போல்ட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் வாசர் வைத்து, கழராத நட்டால் முறுக்கினார். வெடித்த இடத்துக்குக் காஸ் விளக்கில் பித்தளை ஒட்டு. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சைக்கிள் குழாயைப் பார்த்துப் பிறந்த கதிரைக்கு வைத்தியர் சைக்கிள் கடைக்காரர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். 27 இல் 8 தேறாது. காலடி றப்பர் கழன்று போனால் குழாய்வாய் திறந்திருக்கும். மாரித் தண்ணீரும் சேறும் ஏறி உள்ளேயிருந்து துருவைத் தொடங்கும். வெளியே பெயின்ற் நன்றாக இருக்கும், கையால் அமத்தினால் பொருபொருவென்று உதிரும். அந்த எட்டும் மற்றவற்றுக்கு உதிரிப்பாகம். இரண்டாவது குறை, தகடு. சித்திரை வெயிலில் முற்றத்தில் ஒரு மணித்தியாலம் நின்ற தகட்டுக் கதிரையில் இருந்து பார்த்தவர் இரண்டாம் முறை இருக்கமாட்டார். மூன்றாவது, விரல். மடக்கும்போது தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிறுபிள்ளையின் விரல் அகப்படும். என் சின்ன வயதில் இதே மாதிரிக் கதிரையில் எனக்கே நகம் போயிருக்கிறது.

இனிப் பிளாஸ்ரிக். இதை ஏளனமாகப் பார்ப்பது சுலபம், ஆனால் இதுவும் சாதாரணப் பிறப்பு அல்ல. பெல் கதிரை பரப்பிவைத்த அடுக்கும் விடையின் கடைசிப் படி இது. 1954 இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பொலிப்புறொப்பிலீனைக் கண்டுபிடித்தார். 1963 இல் இங்கிலாந்தில் றொபின் டே அந்தப் பிளாஸ்ரிக்கில் இருக்கையும் முதுகும் ஒரே ஓடாக வார்த்துக் கீழே உருக்குக் குழாய்க் கால் வைத்தார். அந்தக் குழாய்க்காலும் வேண்டாம் என்று தள்ளியவர்களில் பிரான்சின் ஹென்றி மாசோனே முக்கியமானவர். 1972 இல் அவர் கொண்டுவந்த கதிரையில் காலிலிருந்து கைவரை ஒரே வார்ப்பு. இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று அச்சிலிருந்து வெளியே வந்தது. இன்று எங்கள் சந்திக் கடையில் அடுக்கி நிற்பவை எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

அதன் நன்மை எல்லாருக்கும் தெரியும். விலை குறைவு. பத்தை அடுக்கினால் ஒன்றின் இடம்தான் பிடிக்கும், உயரம் மட்டும் ஏறும். இரண்டு சிறுவர்கள் இருபதைத் தூக்கிப் போவார்கள். மழையில் விட்டாலும் துரு இல்லை. முல்லைத்தீவுக் கரைப்பக்கச் சங்கம் ஒன்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பிளாஸ்ரிக் என்றே சொல்லுவேன். உப்புக்காற்றில் மெல்லிய குழாய் நிலைக்காது.

ஆனால் எங்கள் ஊரில் வெயிலும் கச்சான் காற்றும் இருக்கின்றன. வெயில் பிளாஸ்ரிக்கை முறுகலாக்கிவிடும்; நிறம் வெளிறி, தொட்டால் மா போலக் கையில் ஒட்டத் தொடங்கினால் கதிரைக்கு நாள் குறித்தாயிற்று. வைகாசி ஆனியில் கச்சான் அடிக்கும்போது ஆள் இல்லாத கதிரைகள் முற்றத்தைத் தாண்டி வேலிக்குப் போகும். உடைவதும் ஒரே இடத்தில்தான்: வழுவழுப்பான சீமெந்து நிலத்தில் பின்கால் அகன்று, முதுகும் இருக்கையும் சேரும் மடிப்பில் வெடிக்கும். வெடித்ததை ஒட்ட முடியாது. சூட்டுக் கம்பியால் துளைபோட்டுச் செப்புக் கம்பியால் தைத்த கதிரையைப் பார்க்காத வீடு வன்னியில் இருக்கிறதா? அந்தத் தையலில் இருந்து எழும்பிய சாறிகளின் கதையை மாதர் சங்கத்தில் கேளுங்கள்.

புது மடக்குக் கதிரையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. மாதிரிக்கு இரண்டு வாங்கினோம், கடையின் பெயர் வேண்டாம். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமானின் விலை எங்கே போனது என்று தெரியும்தானே. பிளாஸ்ரிக் இரண்டின் காசுக்கு மேல் ஒன்றுக்குப் போனது. மெத்தை இருக்கிறது, பார்க்க அலுவலகம் மாதிரி. வாசிகசாலையில் வைத்து மூன்று மாதம் பாவித்தோம். ஒன்றில் மெத்தை உறை ஓரத்தால் பிரிந்தது. மற்றதில் மூட்டு ஆணிக்குத் துளைபோட்ட இடத்தில் குழாயே வளைந்தது. குழாய் மெலிவு, துளையைச் சுற்றி உரத்துக்கு ஒரு தகடும் வைக்கவில்லை. பழைய கதிரையில் அதே இடத்தில் சின்ன வட்டத் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் அந்த இடத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்.

புதிதாகச் செய்தால் உருப்படாது என்று சொல்லவரவில்லை. 1967 இல் இத்தாலியில் ஜியான்கார்லோ பிரெத்தி கஸ்தெல்லி நிறுவனத்துக்காக வரைந்த பிளியா கதிரையைப் பாருங்கள். எல்லா மூட்டையும் ஒரே இடத்தில், மூன்று உலோக வட்டுக்குள் அடக்கிவிட்டார். மடித்தால் அந்த வட்டைத் தவிர மற்றதெல்லாம் ஓரங்குலத் தடிப்பு. மடக்கும் விடைக்கு அதைவிடச் சுத்தமான வடிவம் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூட்டு தேய்ந்தால் எங்கள் பெரியவரால் கைவைக்க ஏலாது. அழகு கூடக்கூட, திருத்தும் வேலை ஊரைவிட்டு ஆலைக்குப் போய்விடுகிறது.

ஒட்டுக்கடையில் செய்விப்பது நல்ல யோசனைதான், மடக்குக் கதிரைக்கு அல்ல. பொக்ஸ்பார் என்கிற சதுரக் குழாயை வெட்டி ஒட்டும் கைக்கு நீள வாங்கு நன்றாக வரும். மடக்கும் மூட்டுக்கு இரண்டு பக்கத் துளையும் மயிரளவு பிசகாமல் வர வேண்டும். ஒன்று தள்ளினாலும் கதிரை கோணல்நடை நடக்கும். ஐந்து பேர் இருக்கும் வாங்கு ஆறு செய்வித்தால் 30 பேர் ஆச்சு என்று ஒருவர் கணக்குச் சொன்னார். கணக்குச் சரி. ஆனால் விடியவிடிய இருக்கிற வயதானவர்களுக்கு முதுகுச் சாய்வில்லாத வாங்கு தண்டனை.

என் பரிந்துரை இது. பழையதில் தேறிய 19 ஐயும் திருத்துவோம். கம்பித் தூரிகையால் துருவை உரஞ்சி, செம்மண் நிறத் துருத்தடுப்புப் பூச்சு ஒரு கை, எனாமல் பெயின்ற் இரண்டு கை. இவை முற்றத்துக்குப் போகாது. வாசிகசாலைக்கும் கூட்டத்துக்கும் செத்தவீட்டில் விறாந்தைக்கும் மட்டும். மண்டபச் சீமெந்தில் பிளாஸ்ரிக் கால் அகலும் இடத்தில் இவை அசையாது. வெயில் படாத இடத்தில் தகடும் குளிர்ச்சி. முற்றத்துக்குக் கைபிடி இல்லாத பிளாஸ்ரிக் 41. கைபிடி இருந்தால் அடுக்கு உயரும், பெட்டியில் கொள்ளாது. தடிப்புப் பார்த்து வாங்க வேண்டும்: கடையில் கதிரையைக் கவிழ்த்து, காலின் உட்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். புது மடக்குக் கதிரை ஒன்றும் வேண்டாம். மிச்சக் காசை வங்கியில் விடுவோம். பிளாஸ்ரிக்கின் ஆயுள் எங்களுக்குத் தெரியும், அடுத்த கதிரைக் காசுக்குத் திரும்பவும் கனடாவைப் பார்த்து நிற்கக் கூடாது.

பொருளாளர் அண்ணை ஒரு கேள்வி கேட்டார்: "உந்தப் பத்தொன்பதையும் திருத்துற கூலிக்குப் பிளாஸ்ரிக்கே வாங்கலாமே?" வாங்கலாம்தான். பெரியவர் சொன்ன கூலி ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் விலைக்குக் கிட்ட வருகிறது. ஆனால் அந்தக் காசு சைக்கிள் கடைக்குப் போகிறது, ஊருக்குள்ளேயே நிற்கிறது. அடுத்தமுறை ஆணி ஆடினால் ஒரு போல்ட்டின் காசுதான். அண்ணை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. மாதர் சங்கத்து அக்காமாரும், மடக்குக் கதிரையைப் பிள்ளைகள் தொடாமல் பெரியவர்கள்தான் விரிக்கவும் மடக்கவும் வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். நியாயம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 19 கதிரைக்கும் காலடி றப்பர் 76 வேண்டும். கடையில் அந்த அளவு இல்லை. பழைய றப்பர்ச் செருப்பு இருப்பவர்கள் நிலையத்தில் கொண்டுவந்து போடுங்கள். வட்டமாக வெட்டிக் குழாய்வாயில் இறுக்கினால் தண்ணீர் ஏறாது. புரட்டாதி முடிவதற்குள் வேண்டும், ஐப்பசியில் மழை இறங்கிவிடும்.